புல்வெளியின் இரண்டு கார்ட்டர் பாம்புகள்

கனடாவின் மானிடோபா மாகாணத்தில் இரண்டு வகைக் கார்ட்டர் பாம்புகள் வாழ்கின்றன. ஒன்று செம்பக்க கார்ட்டர், மற்றொன்று சமவெளி கார்ட்டர். இரண்டும் குட்டி போடுபவை. மண்புழுவும் தவளையும் தின்பவை. உடலில் நீளவாக்கில் ஓடும் வெளிர்கோடுகளிலும் ஒத்திருப்பதால் கண்டதும் குழப்பம் வரும். பிரித்தறிய, வயிற்றுச் செதிலுக்கு அடுத்த வரிசையிலிருந்து செதில் வரிசைகளை மேல்நோக்கி எண்ண வேண்டும். பக்கக்கோடு இரண்டாம், மூன்றாம் வரிசைகளில் ஓடினால் செம்பக்கம். மூன்றாம், நான்காம் வரிசைகளில் ஓடினால் சமவெளி.

பெரிய வேறுபாடு குளிர்காலத்தில் தெரியும். நார்சிஸ் என்ற ஊருக்கருகே சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டான குழிகளில், உறைபனி எட்டாத ஆழத்தில், செம்பக்கப் பாம்புகள் பல்லாயிரக்கணக்கில் தங்குகின்றன. வசந்தத்தில் ஆண்கள் முதலில் வெளியேறிக் காத்திருக்கும். பெண்ணின் தோலில் உள்ள வாசனைப் பொருளை நாக்கால் அறிந்து, ஒரே பெண்ணைச் சுற்றிப் பல ஆண்கள் பந்தாகத் திரளும். வெளியே வந்த புதிதில் சில ஆண்களும் அதே வாசனையை விடுகின்றன. மற்றவை மொய்ப்பதால் குளிர்ந்த உடல் சூடேறுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

சமவெளி கார்ட்டருக்கு இப்படிப்பட்ட பெருங்கூடம் அமைவது அரிது. எலிவளை, நண்டுவளை, கைவிடப்பட்ட எறும்புப்புற்று என்று கிடைத்த பொந்தில் அது ஒடுங்கும். கோடையில் புல்வெளிக் குட்டைகளின் ஓரமே அதன் வேட்டைக்களம். ஒரு காலத்தில் சிகாகோ நகரத்தின் காலிமனைகளிலும் அது தாராளமாகத் திரிந்தது.

ஓரிடத்தில் கூடுவது ஆபத்துதான். 1999இல் மோசமான வானிலையால் நார்சிஸில் பல்லாயிரம் பாம்புகள் மடிந்தன. வளைக்குத் திரும்பும் வழியிலுள்ள நெடுஞ்சாலை 17இல் வண்டிச் சக்கரங்களில் நசுங்கியவையும் ஏராளம். ஆனால் கூட்டத்தைப் பார்த்த மனிதர்கள் இரங்கினார்கள். வேலி போட்டுச் சாலைக்கடியில் சுரங்க வழிகள் அமைத்தார்கள்.

சிதறி வாழும் பாம்புக்கு எங்கே வேலி போடுவது? குட்டையைத் தூர்த்து உழுதால் அதன் உணவும் உறைவிடமும் ஒருசேரப் போகும். எண்ணிப் பார்க்க வருவோர் குறைவு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், முக்கியப் பரப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட கில்டியர் சமவெளியில், சமவெளி கார்ட்டர் அருகிவிட்டது. அங்கே அதைக் காப்பதென்றால் ஈரப்புல்வெளி முழுவதையும் காக்க வேண்டும். நண்டுவளைகள் மூடாமல் பார்க்க வேண்டும். பாம்புகள் நிலத்தடியில் உறங்கும் மாதங்களில் மட்டுமே புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்ட வேண்டும்.