சிறு கம்பியில்லாக் கோபுரங்களில் மின் இரைச்சலும் காப்பு மின்வழங்கலும்

மின் இரைச்சல் என்பது ஒரு மின்சுற்றில் தேவையான குறிகையுடன் வேண்டாது வந்து கலக்கும் மின்னழுத்த, மின்னோட்ட ஏற்ற இறக்கங்களைக் குறிக்கும். காப்பு மின்வழங்கல் என்பது பொது மின்வழங்கல் தடைப்படும்போது கருவிகளைத் தொடர்ந்து இயக்கும் மின்கல அடுக்கு, மின்னேற்றி, இன்வெர்ட்டர், சூரியத் தகடு முதலியவற்றின் தொகுதியாகும். ஊர்ப்புறங்களுக்கு இணைய இணைப்பை வழங்கும் சிறு கம்பியில்லாக் கோபுரங்களில் இவ்விரண்டும் பொதுவாகத் தனித்தனிச் சிக்கல்களாகவே நோக்கப்படுகின்றன. நடைமுறையில் இவை ஒன்றோடொன்று பிணைந்தவை. மின்வெட்டிலிருந்து காக்க நிறுவப்படும் மின்னேற்றியும் இன்வெர்ட்டருமே பல இடங்களில் இரைச்சலின் முதன்மை மூலங்களாக அமைகின்றன.

கோபுரத்தின் மின் அமைப்பு

இவ்வகைக் கோபுரம் ஒன்றின் உச்சியில் சில கம்பியில்லாக் கருவிகளும், அடியில் ஒரு பெட்டியில் ஈதர்நெட் சுவிட்சும் மின்கலங்களும் இருக்கும். தரவைச் சுமக்கும் ஈதர்நெட் வடமே மேலே உள்ள கருவிக்கு மின்சாரத்தையும் கொண்டு செல்கின்றது. 2003 ஆம் ஆண்டின் 802.3ஏஎஃப் செந்தரம் இதற்கு ஏறத்தாழ 48 வோல்ட்டு மின்னழுத்தத்தையும், வழங்கும் முனையில் 15.4 வாட்டு வரையான திறனையும் வரையறுத்தது. எனினும் விலை குறைந்த கருவிகள் பல, இச்செந்தரத்தைப் பின்பற்றாது 24 வோல்ட்டை நேரடியாக ஏற்பவையாக உள்ளன. இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து வைப்பது பிழைக்கு இடந்தரும்.

இங்கு மின்சாரமும் தரவும் ஒரே வடத்தில் செல்வதைக் கருத்திற் கொள்ள வேண்டும். மின்வழங்கியில் தோன்றும் இரைச்சல் தரவுப் பாதைக்கு மிக அண்மையிலேயே பயணிக்கின்றது.

தேனி வலையமைப்பின் பட்டறிவு

இத்துறையில் நன்கு பதிவு செய்யப்பட்ட எடுத்துக்காட்டுகளுள் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது. தேனியில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையையும் அதன் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களையும் தொலைதூர வைஃபை இணைப்புகளால் இணைக்கும் வலையமைப்பு 2000களின் நடுப்பகுதியில் உருவாக்கப்பட்டது. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு இதில் பங்கேற்றது. மையத்துக்கு வரும் நோயாளி, தேனியில் இருக்கும் மருத்துவருடன் நிகழ்படம் வழியே பேசி ஆலோசனை பெறுவார். இணைப்பு அறுந்தால் அவர் காத்திருக்கவோ தேனிக்கே பயணம் செய்யவோ நேரிடும்.

இக்குழு 2008 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, இவ்வலையமைப்பிலும் இமாச்சலப் பிரதேசத்தின் தர்மசாலாவில் உள்ள ஏர்ஜல்தி வலையமைப்பிலும் நேர்ந்த பழுதுகளை ஆராய்கின்றது. பழுதுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தின் தரக்குறைவால் விளைந்தவை என்பது அதன் முடிபு. 230 வோல்ட்டு இருக்க வேண்டிய இணைப்பில் 70 வோல்ட்டுக்குக் கீழான தாழ்வுகளும், 350 வோல்ட்டுக்கு மேலான உயர்வுகளும், 1000 வோல்ட்டு அளவிலான கூர்முனைகளும் அளக்கப்பட்டன. மின்வழங்கிகள் எரிந்தன, திடீரென நின்று மீண்டும் தொடங்கும் கருவிகளின் நினைவக அட்டைகள் சிதைந்தன.

மலிவான தடையறா மின்வழங்கி இதற்குத் தீர்வாகாது. இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலானவை மின்சாரம் இருக்கும்போது அதை அப்படியே உள்ளே விடுகின்றன. மின்சாரம் நின்ற பின்னரே மின்கலத்துக்கு மாறுகின்றன. ஆகவே அவை மின்வெட்டைச் சமாளிக்குமேயன்றி மின்சாரத்தைத் தூய்மைப்படுத்துவதில்லை. கருவிகளை எப்போதும் மின்கலத்திலிருந்தே நேரோட்டமாக இயக்கி, மின்கலத்தை மட்டும் மின்னேற்றியோ சூரியத் தகடோ நிரப்பும்படி அமைப்பதே சிறந்தது. பெரிய மின்கலம் ஒரு மெத்தையைப் போலச் செயற்பட்டுக் குறுகிய ஏற்ற இறக்கங்களை உள்வாங்குகின்றது. நேரோட்டத்தை மாறோட்டமாக்கி மீண்டும் நேரோட்டமாக்குவதில் ஏற்படும் இழப்பும் தவிர்க்கப்படுகின்றது.

இரைச்சல் தோன்றும் வழிகள்

நிலைமாற்று மின்வழங்கிகள் மின்னோட்டத்தை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முதல் பல இலட்சம் தடவைகள் வரை வெட்டி இணைக்கின்றன. இதன் மேற்சுரங்கள் பல மெகாஹெர்ட்சு வரை பரவக்கூடும். ஆனால் இவை 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்சு அலைகளை நேரடியாகக் குலைப்பது அரிது. எனவே அன்டெனாவின் குறிகை வலிமை மாறாதிருக்க, ஈதர்நெட் பக்கத்தில் பிழைப் பொதிகள் பெருகுவதும், வேகம் 100 மெகாபிட்டிலிருந்து 10 மெகாபிட்டுக்கு இறங்குவதும், இணைப்பு அடிக்கடி அறுந்து மீள்வதுமே மின்வழி இரைச்சலின் அடையாளங்கள். குறிகை வலிமை குறையாமல் கம்பியில்லாப் பக்கத்தில் மட்டும் இரைச்சல் தளம் உயர்ந்தால், அயல் கோபுரம் ஒன்றின் குறுக்கீட்டையே முதலில் ஐயுற வேண்டும்.

எதிர்த்திசையிலும் பாதிப்பு உண்டு. பண்பலை வானொலி நிலையத்தின் கோபுரத்தில் தொங்கும் காப்புறையற்ற ஈதர்நெட் வடம் தானே ஓர் அன்டெனாவாகி, அந்நிலையத்தின் அலையை உள்வாங்கும். அதே வடம் தன் தரவின் மேற்சுரங்களை வெளிவிட்டு, அருகில் உள்ள காவல்துறை அல்லது பயில்முறை வானொலி அலைவாங்கிகளைத் தொல்லைப்படுத்தவும் கூடும். காப்புறையிட்ட வடமும் அதன் இரு முனைகளிலும் பெரைட்டு வளையங்களும் இவ்விரண்டையும் பெருமளவு குறைக்கும்.

மூலத்தைக் கண்டறிதல்

விலையுயர்ந்த அலைமாலை ஆய்வி இல்லாதவரும் ஒரு சிறிய மத்திய அலை வானொலிப் பெட்டியைக் கொண்டு இரைச்சலைத் தேடலாம். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் அதை நிறுத்தி, பெட்டிக்கு அருகில் கொண்டு சென்றால் இரைச்சல் மூலத்தை நெருங்க நெருங்க ஓசை வலுக்கும். சீரான கீச்சொலி பெரும்பாலும் நிலைமாற்றுச் சுற்றினுடையது. 100 ஹெர்ட்சு அளவிலான கரகரப்பு, 50 ஹெர்ட்சு மின்கம்பியில் தளர்ந்த இணைப்பு ஒன்றில் பொறி பறப்பதைக் காட்டலாம். இவ்வகைப் பொறி இரைச்சல் மழை பெய்யும்போது பல நேரங்களில் மறைந்துவிடும்; அதுவும் ஒரு தடயமே.

அடுத்த படி பிரித்துப் பார்த்தலாகும். முதலில் சூரியத் தகட்டையும் பின்னர் மின்னேற்றியையும் துண்டித்து, கோபுரத்தை மின்கலத்தில் மட்டும் அரைமணி நேரம் இயக்க வேண்டும். தகடு இணைந்திருக்கும்போது மின்கலத்தைக் கழற்றுதல் கூடாது; பல கட்டுப்படுத்திகள் அதனால் பழுதடையும். மின்கலத்தில் மட்டும் இயங்கும்போது பிழைப் பொதிகள் நின்றுவிட்டால் குற்றவாளி மின்னேற்றும் பகுதியே. தொடர்ந்தால் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவோருக்குச் சிக்கல் தீர்ந்தாலும் காரணம் தெரிவதில்லை. சில மாதங்களில் அது திரும்பி வரும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

இரைச்சல் போலத் தோன்றும் மின்னழுத்தக் குறைவு

அடிக்கடி மீள்தொடங்கும் கருவியைக் கண்டதும் இரைச்சல் என எண்ணுவது வழக்கம். பல நேரங்களில் காரணம் எளிய மின்னழுத்த வீழ்ச்சியே. எடுத்துக்காட்டாக, 60 மீட்டர் ஈதர்நெட் வடத்தில் இரண்டு இணைகள் வழியே 12 வாட்டுக் கருவிக்கு 24 வோல்ட்டு அனுப்பப்படுவதாகக் கொள்வோம். போகவரவான மின்தடை ஏறத்தாழ 5 ஓம். உச்சியில் கிடைப்பது 21 வோல்ட்டு மட்டுமே. மின்கலம் 22 வோல்ட்டுக்கு இறங்கும்போது, அதே 12 வாட்டுக்காகக் கருவி கூடுதல் மின்னோட்டம் இழுப்பதால் உச்சியில் 19 வோல்ட்டுக்கும் கீழே செல்லும். இரவின் பிற்பகுதியில் மட்டும் தோன்றும் பழுதுகளுக்கு இதுவே பெரும்பாலும் விளக்கம்.

மின்கலத்தின் அளவும் துண்டிப்பும்

மொத்தம் 40 வாட்டு இழுக்கும் கோபுரத்துக்கு ஒரு நாளைக்கு 960 வாட்டு-மணி, அதாவது 24 வோல்ட்டில் 40 ஆம்பியர்-மணி தேவை. ஈய-அமில மின்கலத்தைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குறைவதால், ஒருநாள் காப்புக்கே 80 ஆம்பியர்-மணி வேண்டும். 25 செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை வெப்ப உயர்வுக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகின்றது. வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் மின்கலத்தை வைப்பது, பரவலாகக் காணப்படினும், நல்ல வழக்கமன்று.

சுமை இல்லாதபோது அளந்த மின்னழுத்தம் மின்கலத்தின் நலத்தைக் காட்டாது. தேய்ந்த மின்கலமும் 12.6 வோல்ட்டைக் காட்டக்கூடும். மின்னேற்றியை நிறுத்தி, உண்மையான சுமையில் எவ்வளவு நேரம் தாங்குகின்றது எனப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.

தாழ்மின்னழுத்தத் துண்டிப்பான் மின்கலத்தை முழு வெறுமையிலிருந்து காக்கின்றது. இதில் துண்டிக்கும் அளவுக்கும் மீள இணைக்கும் அளவுக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். 24 வோல்ட்டு அமைப்பில் 22.5 இல் துண்டித்து 25 இல் இணைப்பது பொருத்தமானது. இடைவெளி குறைவாக இருந்தால், சுமை நீங்கியவுடன் மின்கல மின்னழுத்தம் சற்று உயர்ந்து கருவிகள் மீண்டும் இயங்கும். உடனே அது தாழ்ந்து மீண்டும் நிற்கும். ஓரிரவில் பல முறை நிகழக்கூடிய இச்சுழற்சி, மின்கலத்தைக் காப்பாற்றினாலும் கருவிகளின் நினைவகத்தைக் கெடுத்துவிடும்.

நிலத்தொடுப்பு

கோபுரம், மின் இணைப்பு, கருவிப் பெட்டி ஆகியவற்றின் நிலத்தொடுப்புகள் அனைத்தும் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். தனித்தனியே விடப்பட்டால் அவற்றுக்கிடையே தோன்றும் மின்னழுத்த வேறுபாடு ஈதர்நெட் வடத்தின் காப்புறை வழியே பாய்ந்து முனகலையும், மின்னலின்போது பேரழிவையும் உண்டாக்கும். தொலைத்தொடர்பு நிலையங்களின் 48 வோல்ட்டு அமைப்புகளில் நேர்முனை நிலத்துடன் இணைக்கப்படுவது மரபு. 24 வோல்ட்டுக் கம்பியில்லாக் கருவிகளில் பெரும்பாலும் எதிர்முனை. இரண்டும் ஒரே கோபுரத்தில் அமையுமாயின், உள்ளீடும் வெளியீடும் மின்வழியாகப் பிரிக்கப்பட்ட நேரோட்ட மாற்றி ஒன்றை இடையில் அமைப்பது இன்றியமையாதது. இல்லையெனில் காப்புறையுள்ள முதல் வடத்தை மாட்டும்போதே குறுக்குச்சுற்று ஏற்படும்.