ஏரியில் மீன் பிடிக்க ஒரே ஒரு தூண்டில் ராடு போதுமா? பிரிட்டனில் எதை வாங்கலாம்? முழு விவரம்!

பிரிட்டனில் தூண்டில் கடைக்குள் முதல் தடவை போகிறவர்களுக்குத் தலையே சுற்றிவிடும். மீனுக்கு ஒன்று, முறைக்கு ஒன்று என வரிசையாக ராடுகள். எல்லாவற்றையும் வாங்க முடியாது. ஏரி, குளம் மட்டும்தான் என்றால் ஒரே ராடில் சமாளிக்கலாம்.

கோர்ஸ் ஃபிஷிங் என்றால் என்ன?

சால்மன், ட்ரவுட் தவிர ரோச், டெஞ்ச், ப்ரீம், கார்ப் போன்ற நன்னீர் மீன்களைத் தூண்டில் போட்டுப் பிடிப்பதே 'கோர்ஸ் ஃபிஷிங்'. இது குழம்புக்காக இல்லை. பிடித்த மீனைக் காயமில்லாமல் தண்ணீரில் விட வேண்டும் என்பதே பெரும்பாலான ஏரிகளின் விதி. ராடு ரொம்ப விறைப்பாக இருந்தால் மெல்லிய நரம்பு அறுந்து, முள் மீனின் வாயிலேயே தங்கிவிடும். ரொம்ப இளகலாக இருந்தால் இழுபறி நீண்டு மீன் களைத்துப்போகும்.

எந்த அளவு சரி?

ராடின் மேல் 'டெஸ்ட் கர்வ்' என்று ஒரு எண் இருக்கும். நுனி 90 டிகிரி வளைய எவ்வளவு எடை தேவை என்பதுதான் அது. பெரிய கார்ப்புக்கான ராடுகளில் இது 2.5 முதல் 3 பவுண்டு வரை இருக்கும். அதில் சின்ன ரோச் மாட்டினால் கைக்கே தெரியாது.

பலவகை மீனுக்கும் ஏற்றது, 11 அல்லது 12 அடி நீளமும் 1.25 பவுண்டு (சுமார் 570 கிராம்) டெஸ்ட் கர்வும் உள்ள 'அவான்' ராடு. டெஸ்ட் கர்வை 5-ஆல் பெருக்கினால் பொருத்தமான நரம்பின் பலம் தோராயமாகத் தெரிந்துவிடும். இதற்கு 6 பவுண்டு நரம்பு சரியாக இருக்கும்.

இரண்டு நுனி இருக்கா?

வாங்கும்போது இதைக் கேட்க மறக்கக் கூடாது. சில அவான் ராடுகளுடன் இரண்டு மேல்பகுதிகள் வரும். சாதாரண நுனி, தக்கை போட்டுப் பிடிக்க. மெல்லிய 'க்விவர்' நுனி, ஈயக்குண்டு கட்டி அடித்தரையில் இரை போட. மீன் இரையைத் தொட்டாலே அந்த நுனி துடித்துக் காட்டிவிடும்.

கவனிக்க வேண்டியவை

* இங்கிலாந்தில் 13 வயது முதல் ராடு லைசென்ஸ் கட்டாயம். 13 முதல் 16 வயது வரை இலவசம். இல்லாமல் பிடித்தால் 2,500 ஸ்டெர்லிங் பவுண்டு வரை அபராதம்.

* லைசென்ஸ் இருந்தாலும் அந்த ஏரியின் அனுமதி தனியாக வேண்டும்.

* கார்பன் ராடில் மின்சாரம் பாயும். மின்கம்பிகளில் இருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இடி இடித்தால் ராடை உடனே கீழே வைத்துவிட வேண்டும்.

20 பவுண்டு கார்ப்தான் குறி என்றால் இந்த ராடு தாங்காது. மற்றபடி, புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது ஒன்றே போதும்.