பாடம் நடத்தலாம், படிக்கக் கூடாது

கணக்கு வாத்தியார் கணக்கில் பட்டம் வாங்கியிருப்பார். வேதியியல் ஆசிரியர் வேதியியல் படித்திருப்பார். சமயப் பாடம் நடத்துகிறவர் மட்டும் எங்கே போய்ப் படிப்பார்?

அமெரிக்கக் கத்தோலிக்கக் கல்லூரிகளின் வரலாற்றைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த விஷயம் இதுதான். 1940களின் தொடக்கம் வரை, அங்கே வகுப்பறைகளில் நின்று சமயம் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரிகள் இறையியலில் மேற்படிப்பு படிக்க வழியே இல்லை. இறையியல் என்பது குருமடத்துப் படிப்பு. குருவாகப் போகிறவர்களுக்கு மட்டும்தான். பெண் குருவாக முடியாது, அதனால் இறையியல் எதற்கு என்பதுதான் கணக்கு.

ஆனால் வேலை மட்டும் அவர்கள் தலையில். 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள், ஒவ்வொரு பங்குக் கோயிலுக்கும் பக்கத்தில் ஒரு பள்ளி வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அத்தனை பள்ளிகளுக்கும் ஆசிரியர் வேண்டுமே? குறைந்த செலவில் கிடைத்தவர்கள் கன்னியாஸ்திரிகள். மடத்தில் சேர்ந்த இளம்பெண்ணைப் பட்டம் வாங்கும் முன்பே வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து, ஒரு பட்டம் வாங்க 20 வருஷம் ஆனவர்களும் உண்டு. சமயத்தில் அவர்கள் கையில் இருந்தது கேள்வி-பதில் வடிவ மறைக்கல்விப் புத்தகம். அதில் இல்லாத கேள்வியை ஒரு மாணவி கேட்டால்?

இங்கேதான் ஒரு சின்னக் கல்லூரி வருகிறது. இந்தியானா மாநிலத்தில் செயின்ட் மேரிஸ் கல்லூரி. திருச்சிலுவை சபைக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் கல்லூரி. சாலையைத் தாண்டினால் புகழ்பெற்ற நோட்டர் டேம் பல்கலைக்கழகம். ஆண்களுக்கான பல்கலைக்கழகமாக இருந்த அது, இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்ததே 1972இல்தான்.

1934 முதல் 1961 வரை செயின்ட் மேரிஸ் கல்லூரியின் தலைவராக இருந்தவர் சிஸ்டர் மடலேவா உல்ஃப். கவிஞர், இடைக்கால இலக்கிய ஆய்வாளர். 1925இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்து, சி. எஸ். லூயிஸின் விரிவுரைகளைக் கேட்டவர். இலக்கியத்தில் இவ்வளவு தூரம் போக முடிந்த ஒரு கன்னியாஸ்திரிக்கு, இறையியல் கதவு மட்டும் பூட்டியே இருந்தது. இந்த முரணைக் கவனிக்கணும்.

சமய ஆசிரியர்களுக்கு யாராவது மேற்படிப்பு நடத்துங்கள் என்று மடலேவா பல்கலைக்கழகங்களைக் கேட்டார். யாரும் முன்வரவில்லை. கான்சாஸ் சிட்டி ஆயர் எட்வின் ஓஹாரா ஊக்கம் கொடுத்தார். 1943 கோடையில் மடலேவா தன் கல்லூரியிலேயே இறையியல் மேற்படிப்புப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். பெரிய பல்கலைக்கழகங்கள் தொடாத வேலையை, ஒரு சின்ன மகளிர் கல்லூரி கோடை வகுப்பாக ஆரம்பித்தது. கன்னியாஸ்திரிகளும் பொதுநிலைப் பெண்களும் வந்தார்கள். ஆரம்பத்தில் பாடம் நடத்த குருக்களைத்தான் அழைக்க வேண்டியிருந்தது. வேறு யார் இறையியல் படித்திருந்தார்கள்?

சுமார் கால் நூற்றாண்டு அந்தப் பள்ளி நடந்தது. 70க்கும் மேற்பட்ட முனைவர் பட்டங்களும், 300க்கும் மேற்பட்ட முதுகலைப் பட்டங்களும் கொடுத்தது. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் அவர்களில் பலர் ஆசிரியர்களாகப் போனார்கள். ஒருவர் படித்தால் அவர் வகுப்பில் உட்காருகிறவர்களும் படித்த மாதிரிதானே.

அங்கே முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் மேரி டேலி. திருச்சபை அங்கீகரித்த மிக உயர்ந்த இறையியல் பட்டமும் வேண்டும் என்று விரும்பினார். அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு அது கிடைக்காது. சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபோர்க் அரசுப் பல்கலைக்கழகம், அதனால் பெண் என்று சொல்லித் தடுக்க முடியாது. அங்கே போய் வாங்கினார். பிறகு பாஸ்டன் கல்லூரியில் ஆசிரியரானார். 1968இல் திருச்சபை பெண்களை நடத்திய விதத்தை விமர்சித்துப் புத்தகம் எழுதினார். கல்லூரி அவரை வெளியேற்றப் பார்த்தது, மாணவர்கள் போராடினார்கள், 1969இல் வேலை நிரந்தரமானது. பின்னாளில் அவர் திருச்சபையை விட்டே விலகிவிட்டார். மடலேவா இப்படி ஒரு மாணவியை எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆனால் படிக்க விட்டால் கேள்வியும் வரும். பூட்டி வைத்தவர்களின் பயமே அதுதானோ என்று எனக்குத் தோன்றும்.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் மெல்ல மெல்ல இறையியல் துறைகளைப் பெண்களுக்கும் பொதுநிலையினருக்கும் திறந்தன. சின்னக் கல்லூரியில் தனியாக ஒரு பள்ளி நடத்தும் தேவை குறைந்தது. 1970 வாக்கில் மூடிவிட்டார்கள். இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். கதவு திறந்தபின் ஏணி எதற்கு?

அதே 1970இல் இன்னொன்றும் நடந்தது. திருச்சபையின் மறைவல்லுநர்கள் என்ற பட்டியலில் அதுவரை 30 பேர். அத்தனை பேரும் ஆண்கள். அந்த வருஷம் திருத்தந்தை ஆறாம் பவுல் அவிலா தெரசாவையும் சியன்னா கத்தரினாவையும் அதில் சேர்த்தார். முன்னவர் 16ஆம் நூற்றாண்டு, பின்னவர் 14ஆம் நூற்றாண்டு. இரண்டு பேருமே எந்தப் பல்கலைக்கழகத்திலும் இறையியல் படித்தவர்கள் இல்லை.

மடலேவா 1964இலேயே இறந்துவிட்டார். இதைப் பார்க்கவில்லை.