பிரேயா விகார்: எல்லைக் கோயிலும் இரு நாட்டு அரசியலும்

தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையே ஓடும் டாங்ரெக் மலைத்தொடரின் விளிம்பில் நிற்கிறது பிரேயா விகார். 11, 12ஆம் நூற்றாண்டுகளில் கெமர் மன்னர்கள் எழுப்பிய சிவன் கோயில் இது. படிவழி தாய்லாந்துப் பக்கமிருந்து ஏறுகிறது. கம்போடியப் பக்கம் செங்குத்துப் பாறை. இந்தக் கோயிலை ஒட்டிய எல்லைத் தகராறு நூறாண்டுப் பழையது. ஆனால் அது எந்த ஆண்டில் கொதிக்கும், எந்த ஆண்டில் அடங்கும் என்பதைப் பெரும்பாலும் பாங்காக், நோம் பென் நகரங்களின் உள்நாட்டு அரசியலே முடிவுசெய்தது.

1904ஆம் ஆண்டு கம்போடியாவை அப்போது ஆண்ட பிரான்சும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) செய்த உடன்படிக்கை, மலையின் நீர்பிரி மேட்டை எல்லையாக வைத்தது. அதன்படி கோயில் தன்னுடையது என்பது தாய்லாந்தின் வாதம். 1907இல் பிரெஞ்சு அதிகாரிகள் தயாரித்த வரைபடமோ கோயிலைக் கம்போடியாவுக்குள் காட்டியது. சயாம் அப்போது மறுப்புச் சொல்லவில்லை. சயாமின் அமைச்சர் இளவரசர் டம்ரோங் நன்றி தெரிவித்து, மேலும் 15 பிரதிகள் கேட்டார். 1930இல் அவர் கோயிலைப் பார்க்கப் போனபோது, பிரெஞ்சுக் கொடி பறக்க, சீருடையில் வந்த பிரெஞ்சு அதிகாரி அவரை வரவேற்றார். 1962 ஜூன் 15 அன்று சர்வதேச நீதிமன்றம் 9க்கு 3 என்ற கணக்கில் கோயிலைக் கம்போடியாவுக்கு அளித்தபோது, இவை இரண்டும் தாய்லாந்துக்கு எதிராகவே நின்றன.

தேசப்பற்றைச் சொல்லியே தாய்லாந்தை ஆண்ட ராணுவத் தலைவர் சரித் தனராட்டுக்கு அந்தத் தீர்ப்பு பேரிடி. ஏற்காமல் இருக்கவும் முடியவில்லை. தாய்லாந்துக் கொடியை இறக்கினால் அவமானம் என்று, கொடி கட்டியபடியே கம்பத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். எதிர்ப்பக்கத்தில் கம்போடியத் தலைவர் சிஹானூக் 1963 ஜனவரியில் தாமே மலையேறி வெற்றியைக் கொண்டாடினார். பின்பு கம்போடியா உள்நாட்டுப் போரில் மூழ்க, கோயில் விவகாரம் பின்னுக்குப் போனது.

பகை மீண்டும் வெடித்தது வேறொரு கோயிலை வைத்து. 2003 ஜனவரியில் கம்போடியாவின் அங்கோர் வாட் தாய்லாந்துக்கே சொந்தம் என்று ஒரு தாய்லாந்து நடிகை சொன்னதாக வதந்தி பரவியது. அவர் மறுத்தும் நோம் பென்னில் தாய்லாந்துத் தூதரகம் எரிக்கப்பட்டது. கம்போடியத் தேர்தலுக்கு ஆறு மாதமே இருந்தது.

உள்நாட்டு அரசியலே தகராறை மூட்டுகிறது என்பதற்கு 2008இல் நடந்தது இதைவிடத் தெளிவான சான்று. கோயிலை உலக பாரம்பரியச் சின்னமாக்கும் கம்போடியாவின் முயற்சிக்கு, தாய்லாந்துப் பிரதமர் சமக் சுந்தரவேஜின் அரசு ஜூனில் கூட்டறிக்கை மூலம் ஆதரவளித்தது. கோயிலைச் சுற்றிய 4.6 சதுர கிலோமீட்டர் சர்ச்சை நிலம் அதில் சேரவில்லை. ஆனாலும் நாட்டை விற்றுவிட்டார்கள் என்று மஞ்சள் சட்டைப் போராட்டக்காரர்கள் தெருவில் முழங்கினார்கள். அவர்களுடைய உண்மையான இலக்கு, 2006இல் ராணுவம் கவிழ்த்த முன்னாள் பிரதமர் தக்சின் சினவாத்ராவும் அவர் ஆதரவு பெற்ற அந்த அரசும்தான். நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாத கூட்டறிக்கை செல்லாது என்றது அரசியல்சட்ட நீதிமன்றம். வெளியுறவு அமைச்சர் நொப்படோன் ஜூலை 10 அன்று பதவி விலகினார். ஜூலை 27இல் கம்போடியத் தேர்தல். அதே மாதம் வந்த பாரம்பரியச் சின்ன அறிவிப்பு கம்போடியப் பிரதமர் ஹுன் சென்னுக்குத் தானாக வந்த பிரசாரமாயிற்று. அக்டோபரில் எல்லையில் துப்பாக்கிகள் வெடித்தன.

மஞ்சள் சட்டையினரின் மேடையில் பேசிய கசித் பிரோம்யா அதே ஆண்டின் இறுதியில் வெளியுறவு அமைச்சரானார். 2009 நவம்பரில் ஹுன் சென், தாய்லாந்து தேடிவந்த தக்சினைத் தம் பொருளாதார ஆலோசகராக்க, தூதர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 2011 பிப்ரவரியில் பீரங்கிச் சண்டை கோயிலையே சேதப்படுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் தக்சினின் தங்கை யிங்லக் தேர்தலில் வென்றதும் பதற்றம் தணிந்தது. எல்லைக்கோடு ஒரு அடிகூட நகரவில்லை. ஆட்சியில் இருந்தவர்கள்தான் மாறியிருந்தார்கள். கோயில் நிற்கும் மலைமுனை முழுவதும் கம்போடியாவுடையது என்று 2013இல் சர்வதேச நீதிமன்றம் விளக்கமளித்தது.

தக்சின், ஹுன் சென் குடும்பங்களின் நட்பு 2025இல் முறிந்தது. மே மாத எல்லை மோதலுக்குப் பின், தக்சினின் மகளும் பிரதமருமான பேதோங்தான், ஹுன் சென்னை ‘அங்கிள்’ என்றழைத்துப் பேசிய தொலைபேசி உரையாடல் கசிந்தது. அதில் அவர் தம் நாட்டு ராணுவத் தளபதி ஒருவரையே குறைசொல்லியிருந்தார். முக்கியக் கூட்டணிக் கட்சி உடனே விலகியது. ஜூலை 24 முதல் ஐந்து நாள் போர் நடந்து, மலேசியாவின் புத்ராஜெயாவில் போர்நிறுத்தம் பேசப்பட்டது. அந்த உரையாடலுக்காகவே ஆகஸ்ட் 29 அன்று அரசியல்சட்ட நீதிமன்றம் பேதோங்தானைப் பதவி நீக்கியது.