ஒரு கம்பி முனையில் வானவில்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர் கண்கள் வியப்பால் விரியும் வேளைகளில் சுடர்ச் சோதனையும் ஒன்று. சோடியம் சுடருக்கு மஞ்சள் நிறம் தரும். பொட்டாசியம் இளஊதா தரும். தாமிரம் பச்சையும், ஸ்ட்ரான்ஷியம் செந்நிறமும் தரும். இத்துணை அழகிய சோதனை மாணவரின் உடலைச் சுட்ட வரலாறும் உண்டு. அவ்வரலாறு நாம் சிந்திக்கத் தக்கது.

இச்சோதனைக்குப் பெருமை சேர்த்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் இராபர்ட் பன்சன். இளமையில் ஆர்செனிக் சேர்மங்களை ஆராய்ந்தபோது நேர்ந்த வெடிப்பில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர் அவர். இன்று அவர் பெயரால் வழங்கும் சுடரடுப்பு 1855-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. அதன் நிறமற்ற சுடரில் அவர் செய்தது மிக எளியது. பிளாட்டினக் கம்பியின் முனையில் சிறிதளவு உப்பை எடுத்துக் காட்டினார். கிர்ச்சாஃப் என்னும் இயற்பியலாளருடன் சேர்ந்து அந்த ஒளியைப் பகுத்தாய்ந்து, 1860-இல் சீசியத்தையும் 1861-இல் ருபிடியத்தையும் கண்டறிந்தார். இரு புதிய தனிமங்களை உலகுக்கு அறிவிக்க அந்தக் கம்பி முனை போதுமானதாயிருந்தது.

வகுப்பறைக்கோ அது போதவில்லை. கடைசி வரிசை மாணவனுக்கும் தெரியவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் வேறொரு முறை பரவிற்று. பல கிண்ணங்களில் உப்புகளை இட்டு, மெத்தனால் ஊற்றிக் கொளுத்துவர். மேசையெங்கும் வானவில் எழும். ஆனால் மெத்தனால் சுமார் 11 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடுவது. வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குப் புலப்படுவதும் அரிது. சுடர் அணைந்ததென்று எண்ணி ஆசிரியர் புட்டியிலிருந்து மேலும் ஊற்றினால், ஆவியின் வழியே தீ புட்டிக்குள் பாயும். உள்ளிருக்கும் திரவம் தீப்பிழம்பாய் எதிரே அமர்ந்திருப்போர்மீது பீறிடும்.

2006-இல் ஒஹையோ மாநிலப் பள்ளி ஒன்றில் இச்சோதனையின்போது மூண்ட தீயில் 15 வயது மாணவி ஒருவரின் உடலில் 40 விழுக்காட்டிற்கு மேல் வெந்துபோயிற்று. அவரே தம் துயரை எடுத்துரைக்க, அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் 2013 டிசம்பரில் எச்சரிக்கைப் படம் ஒன்றை வெளியிட்டது. சில வாரங்களே கழிந்தன. 2014 ஜனவரி 2 அன்று நியூயார்க் நகரப் பள்ளி ஒன்றில் அதே சோதனை, அதே தீ. 16 வயது மாணவர் ஒருவர் கடுமையான தீக்காயமுற்றார்.

அவ்வாண்டிலேயே அமெரிக்க வேதியியல் கழகத்தின் பாதுகாப்புக் குழு, திறந்த மேசையில் மெத்தனால் கொண்டு இதனைச் செய்வதை உடனே கைவிடுமாறு கேட்டுக்கொண்டது. மாற்று வழியும் உண்டு. உப்புக் கரைசலில் ஊறிய மரக்குச்சியைச் சுடரில் காட்டினால் போதும். அதே நிறங்கள் தோன்றும். சுற்றிவளைத்து நாம் வந்து சேர்வது பன்சனின் கம்பி முனைக்கே!

எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது, வகுப்பறையில் அது கைக்கொள்ளப்படவில்லை. ஒருவர் பட்ட துன்பம் மற்றவருக்கு அறிவாக மாறவேண்டுமானால், அதைக் கையளிப்போரும் வேண்டும், ஏற்போரும் வேண்டும். தேர்ச்சி விழுக்காட்டை ஆர்வத்துடன் வினவும் பெற்றோராகிய நாம், ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காப்புக் கண்ணாடி தரப்படுகிறதா, எரிதிரவப் புட்டி சுடரினின்று விலக்கி வைக்கப்படுகிறதா என்றும் வினவலாமே. வியப்புப் பெரிதாயிருக்கச் சுடர் பெரிதாயிருக்க வேண்டுவதில்லை.