பொருத்துதல் முறை (பொருளியல்)

ஒரு திட்டத்தால் பயன் விளைந்ததா என்று அறிய, அதில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் வயது, படிப்பு, முந்தைய வருமானம் ஆகியவற்றில் ஒத்த, சேராத ஒருவரைத் தேடி ஒப்பிடும் புள்ளியியல் முறை. திட்டம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியே இதற்கு அடிப்படை. இக்கேள்வியின் வேரை யெர்சி நேமன் 1923இல் எழுதிய கட்டுரையில் காண்போர் உண்டு; டொனால்ட் ரூபினின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையே தொடக்கம் என்போரும் உண்டு.

வில்லியம் காக்ரன் 1968இல் காட்டிய எடுத்துக்காட்டு இன்றும் தெளிவு குறையாதது. கனடாத் தரவில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் சிகரெட் பிடிப்போர் 20.5 பேரும், சுருட்டு அல்லது பைப் பிடிப்போர் 35.5 பேரும் இறந்தனர். சிகரெட்டே மேல் என்று தோன்றும். ஆனால் பைப்காரர்களின் சராசரி வயது 65.9, சிகரெட்காரர்களுடையது 50.5. வயதை மூன்று பிரிவாக்கி ஒப்பிட்டதும் கணக்கு தலைகீழானது: சிகரெட்டுக்கு 28.3, பைப்புக்கு 21.2.

பல பண்புகளில் ஒரே சமயத்தில் ஒத்தவர் கிடைப்பது அரிது. 1983இல் ரோசன்பாமும் ரூபினும், ஒருவர் திட்டத்தில் சேரக்கூடிய நிகழ்தகவு என்ற ஒற்றை எண்ணை வைத்தே பொருத்தலாம் என நிறுவினர். இதுவே புரொப்பன்சிட்டி ஸ்கோர்.

பொருளியலில் பெரும் விவாதம் ஓர் அமெரிக்க வேலைத் திட்டத்தைச் சுற்றி எழுந்தது. 1970களின் நடுவில் தொடங்கிய அத்திட்டம் சிறை மீண்டோர், போதைப் பழக்கத்திலிருந்து விடுபட்டோர், பள்ளியை இடையில் விட்டோர், அரசு உதவித்தொகையில் வாழ்ந்த தாய்மார் ஆகியோருக்குச் சில மாதங்கள் உறுதியான வேலை தந்தது. யாருக்கு இடம் என்பது குலுக்கல்போல் முடிவானதால், பலனை நேரடியாக அளக்க முடிந்தது. இடம் பெற்ற 297 ஆண்களையும் பெறாத 425 ஆண்களையும் ஒப்பிட்டபோது, 1978இல் முன்னவர் சுமார் 886 டாலர் கூடுதலாக ஈட்டியிருந்தனர். ராபர்ட் லலோண்ட் 1986இல் அந்த 425 பேரை விலக்கி, தேசியக் கணக்கெடுப்புகளிலிருந்து வேறு ஆட்களை அமர்த்தி, அன்றைய பொருளியல் அளவீட்டு முறைகளால் கணக்கிட்டார். விடைகள் சிதறின, சில நட்டம் என்றே காட்டின. 1999இல் ராஜீவ் தெஹேஜியாவும் சாதக் வஹ்பாவும், 1974ஆம் ஆண்டு வருமானமும் தெரிந்த 185 பேரை மட்டும் எடுத்து ஸ்கோர்வழி ஆராய்ந்து, அவர்கள் அளவில் குலுக்கல் ஒப்பீடு காட்டிய 1,794 டாலருக்கு நெருங்கிய விடைகளைப் பெற்றனர். அந்த நெருக்கம் ஆட்களையும் மாறிகளையும் தேர்ந்த விதத்தால் வந்தது என்று ஜெஃப்ரி ஸ்மித்தும் பெட்ரா டாடும் 2005இல் மறுத்தனர். ஒவ்வொரு தரவுக்கும் ஸ்கோரைப் புதிதாக வகுக்க வேண்டும் என்பது தெஹேஜியாவின் பதில். இரு தரப்பும் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன.

இந்திய ஊரகக் குடும்பங்களை இம்முறையில் ஆராய்ந்த ஜோத்ஸ்னா ஜாலனும் மார்ட்டின் ரவாலியனும், குழாய்நீர் உள்ள வீடுகளில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறைவதாகவும், ஏழைக் குடும்பங்களுக்கு, அதிலும் தாய் குறைவாகவே படித்த வீடுகளுக்கு, அப்பலன் பெரிதும் எட்டவில்லை எனவும் 2003இல் எழுதினர்.

2006இல் அபாதி, இம்பன்ஸ் இருவரும் பிழை கணிக்கும் சூத்திரங்களைத் தந்தனர். பொருத்துதலுக்கு ஸ்கோரைப் பயன்படுத்தலாகாது என்று கேரி கிங்கும் ரிச்சர்ட் நீல்சனும் 2019இல் வாதிட்டனர். ஆர் மொழியின் மேட்ச்இட் தொகுப்பில் அந்த 185 பேரின் வருமான விவரம் இன்றும் மாதிரித் தரவாக இருக்கிறது.