திருத்தம்

திருந்து தன்வினை, திருத்து பிறவினை. அதில் பிறந்த பெயர்ச்சொல் திருத்தம். பிழை நீக்குதல், செம்மையாக்குதல், நிலத்தைப் பண்படுத்துதல் எல்லாம் இதில் அடங்கும். கொங்கு நாட்டில் மானாவாரி நிலத்துக்கே காடு என்று பெயர். முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, வரப்புக் கட்டி விதைப்புக்குக் கொண்டுவருவதைக் காடு திருத்துவது என்போம். திருத்திய காடு முன்பைவிட நன்றாக விளைய வேண்டும். அந்த எதிர்பார்ப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சட்டத் தமிழிலோ எந்த மாற்றமும் திருத்தம்தான். தகவல் அறியும் உரிமையையே பாருங்கள்: அதற்கு 1997லேயே சட்டம் இயற்றியது தமிழ்நாடு. மத்தியச் சட்டம் 2005ல் வந்தது. 2019 ஜூலையில் நாடாளுமன்றம் செய்த திருத்தத்தால் தகவல் ஆணையர்களின் 5 ஆண்டுப் பதவிக்கால உறுதி போனது; காலத்தை மத்திய அரசே தீர்மானிக்கும் என்றானது. மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொன்ன எதிர்க்கட்சிகள் மாநிலங்களவையில் தோற்றன. 2023ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தை இன்னும் ஆழமாக வெட்டியது. தனிப்பட்ட தகவலை மறுக்கலாம் என்னும் பிரிவில் இருந்த, நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததை எவருக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகத்தையே நீக்கியது. இதைத் திருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 10 ரூபாய் மனுக் கட்டணம் கட்டி, ஊர்ச்சாலை போட்ட ஒப்பந்தக்காரர் பெயரைக் கேட்கும் பல்லடத்துக்காரருக்கு, ‘தனிப்பட்ட தகவல்’ என்று ஒற்றை வரியில் பதில் வரலாம். பொதுநலன் கருதித் தரலாம் என்னும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.